முன்பணம் கட்டிவிடாதீர்கள்

ஐயா, நேற்று நீடாமங்கலத்திலிருந்து, அரசுப் பள்ளியில் எட்டாவது படிக்கும் மகளோடு வந்து, “கணக்கில் இப்போதே தடுமாறுகிறாள், ஒன்பதாவது தாங்குவாளா?” என்று கேட்டீர்கள். பயப்படாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன். ஆனால் குறுவை நெல் விற்ற பணத்தோடு நகையையும் அடகு வைத்து, மைத்துனர் சொன்ன நாமக்கல் பக்கத்துத் தனியார் விடுதிப் பள்ளியில் சேர்க்கப் போவதாக நீங்கள் சொன்னது மனசில் உறுத்துகிறது. அங்கே நீட்டுக்கும் சேர்த்துத் தயார் செய்வார்களாம். சரி, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020-லும், பொறியியல், வேளாண்மையில் 2021-லும் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு என்ன ஆவது? இருக்கிற வாசலைக் காசு கொடுத்து அடைக்கிறீர்கள்.

உங்களுக்கு யாரும் சொல்லாதது என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசின் படிப்பு உதவித்தொகைத் தேர்வு. எட்டாவதில் மட்டுமே எழுதலாம். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. குடும்பத்தின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. இரண்டு தாள், தாளுக்கு 90 கேள்வி. ஒன்று மனத்திறன்: எண் தொடர், விடுபட்ட உருவம் என்று புதிர் மாதிரி வரும். மற்றது பாடம்: அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணக்கு 20. தேர்வானால் ஒன்பதாவது முதல் பன்னிரண்டாவது வரை மாதம் 1,000 வீதம் 48,000 ரூபாய். தனியார் பள்ளிக்குப் போனால் கிடையாது. கிடைக்காவிட்டாலும் நஷ்டமில்லை; இதற்காக ஏழாவது, எட்டாவது புத்தகத்தைத் திரும்பப் புரட்டுவதே ஒன்பதாவதுக்குப் போடும் அடியுரம்.

கணக்கு விஷயத்துக்கு வருகிறேன். 2/3-ஐயும் 1/2-ஐயும் கூட்டச் சொன்னேன், விழித்தாள். மூன்று மா ஒரு ஏக்கர்; அப்படியானால் இரண்டு மா நிலமும் அரை ஏக்கரும் சேர்ந்தால்? “மூன்றரை மா. ஒரு ஏக்கர், அப்புறம் அரை மா” என்றாள் பட்டென்று. இரண்டும் ஒரே கணக்குதான் ஐயா! உங்கள் வயல் செலவு நோட்டை டீக்காசு வரை எழுதுகிறவள் அவள். ஒன்பதாவது தொடங்கும் முன் பின்னமும் எளிய சமன்பாடும் தினம் அரை மணி நேரம், இந்த மா, ஏக்கர் கணக்கை வைத்தே போடட்டும்.

டாக்டர் ஆசை யாருக்கு என்று கேட்டேன். “மாமாவுக்கு” என்றாள். அவளுக்குக் கூட்டுறவு சங்கத்தில் கணக்கு எழுதுகிற அக்கா மாதிரி ஆக வேண்டுமாம். பிள்ளை கேட்காத படிப்புக்கு அம்மாவின் நகை போகக் கூடாது. இதில் நான் இறங்கி வர மாட்டேன்.

என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும். திங்கட்கிழமை தலைமை ஆசிரியரைப் பாருங்கள், வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் இப்போதே பதிந்துவிடுங்கள். மைத்துனரின் எண்ணைக் கொடுங்கள், அவரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.