பெங்களூரில் வேலை போய்விட்டது, இ.எஸ்.ஐ. வேலையின்மை உதவித்தொகை மாதக்கணக்கில் இழுக்கிறது. என்ன செய்வது?

கேட்டிருப்பவர் பொம்மசந்திரா பக்கம் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். ஆள்குறைப்பில் வேலை போயிருக்கிறது. இந்த உதவித்தொகை தரும் அடல் பீமித் வியக்தி கல்யாண் திட்டத்தில் ஆன்லைனில் விண்ணப்பித்தார், இ.எஸ்.ஐ. பிராஞ்சுக்கும் நடந்து பார்த்துவிட்டார். "வெரிஃபிகேஷன்ல இருக்கு" என்பதைத் தாண்டி ஒரு பதிலும் இல்லையாம். போதாக்குறைக்கு பி.எஃப். விண்ணப்பமும் பெயர் சரியில்லை என்று திரும்பி வந்திருக்கிறது.

நான் பீனியாவில், சின்ன கம்பெனிகளுக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. கணக்கு கட்டிக்கொடுக்கும் ஓர் ஆபீஸில் இருக்கிறேன். அதாவது முதலாளி பக்கத்து மேஜை. அங்கிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: உங்கள் பணம் இ.எஸ்.ஐ. ஆபீஸில் முடங்கிக் கிடக்கிறது என்று நினைத்து அங்கேயே போய் நிற்காதீர்கள். இந்த மாதிரி கேஸ்களில் பெரும்பாலானவை பழைய கம்பெனி மாதாமாதம் போடும் ஃபைலிங்கில்தான் மாட்டிக்கொண்டிருக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொரு மாதக் கணக்கையும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். இ.எஸ்.ஐ. தளத்தில் கம்பெனி லாகின் போட்டால் ஆட்களின் பட்டியல் வரும். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே எத்தனை நாள் வேலை, எவ்வளவு சம்பளம் என்று நிரப்பணும். நாள் பூஜ்யம் என்றால் காரணம் கேட்கும். விடுப்பில் இருக்கிறார், வேலையை விட்டுவிட்டார், ஓய்வு பெற்றார், வேலைநிறுத்தம் அல்லது கதவடைப்பு, ஆள்குறைப்பு, வேலை இல்லை என்று ஒரு பட்டியல் விழும். "வேலையை விட்டார்", "ஆள்குறைப்பு" என்று போட்டால் கடைசியாக வேலை பார்த்த தேதியையும் கேட்கும். "விடுப்பு" என்று போட்டால் ஒன்றும் கேட்காது, நேராக அடுத்த பெயருக்குப் போய்விடலாம். பதினைந்தாம் தேதி ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து ஃபைல் பண்ணுகிற பையன் எதை அழுத்துவான் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நீங்கள் வேலை போச்சு என்று விண்ணப்பிக்கிறீர்கள். சிஸ்டமோ நீங்கள் இன்னும் அந்தக் கம்பெனி ஆள், லீவில் இருக்கிறீர்கள் என்கிறது. பிராஞ்சில் இருப்பவர் இரண்டையும் பார்த்துவிட்டு, கம்பெனியிடம் விளக்கம் கேட்டு எழுதுகிறார். கம்பெனி பதில் போடாது. அதற்குத்தான் வெரிஃபிகேஷன் என்று பெயர்.

எல்லாமே அசட்டையால் நடக்கிறது என்றும் சொல்ல முடியாது. "ஆள்குறைப்பு" என்று பதிவு செய்தால், சட்டப்படி வருடத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடு கொடுத்தீர்களா என்று நாளைக்கு யாராவது கேட்பார்கள் என்ற பயம் சில முதலாளிகளுக்கு உண்டு. அதனால் வேண்டுமென்றே "வேலையை விட்டார்" என்று போடச் சொல்வார்கள்.

ஆகவே முதல் வேலை, உங்கள் இன்சூரன்ஸ் எண்ணை வைத்து காப்பீடு பெற்றவருக்கான லாகினில் நுழைந்து, கான்ட்ரிப்யூஷன் விவரத்தை மாதவாரியாகப் பாருங்கள். எந்த மாதம் வரை நாள் ஏறியிருக்கிறது, அதற்கப்புறம் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். கடைசி வேலை நாள் ஏறாமல் இருந்தால் எச்.ஆருக்கு மின்னஞ்சல் போடுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் கேட்டு விட்டுவிடாதீர்கள். வேலை நீக்கக் கடிதத்தின் நகலை இணைத்து, இந்தத் தேதியோடு வேலை முடிந்தது, இ.எஸ்.ஐ. பதிவில் காரணத்தையும் தேதியையும் ஏற்றிக்கொடுங்கள் என்று நாலு வரி போதும். எச்.ஆர். போனை எடுக்கவில்லை என்றால் கம்பெனிக்கு ஃபைலிங் செய்யும் கன்சல்டன்ட் யார் என்று அக்கவுன்ட்ஸில் யாரையாவது கேட்டுப் பிடியுங்கள். அவர் எடுப்பார். எங்களுக்கு உங்கள் மேல் கோபம் எதுவும் கிடையாது. கம்பெனி ஒரு வரி மெயில் அனுப்பினால் பத்து நிமிட வேலை.

இன்னொரு பக்கம், பிராஞ்சில் போய் "என்ன ஆச்சு" என்று பொதுவாகக் கேட்காமல், கம்பெனிக்கு எழுதிய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள். கடிதமே போகவில்லை என்றால் அப்போதே தெரிந்துவிடும். போயிருந்தால் அந்த எண்ணைப் போட்டு நீங்களும் கம்பெனிக்கு எழுதலாம். கம்பெனியையே இழுத்து மூடிவிட்டார்கள் என்றால், நீக்கக் கடிதம், கடைசி சம்பளச் சீட்டு, சம்பளம் நின்றுபோனது தெரியும் வங்கிக் கணக்குப் பக்கம், பி.எஃப். பாஸ்புக் எல்லாவற்றையும் சேர்த்து பிராஞ்ச் மேனேஜருக்கு மனுவாகக் கொடுத்து, நகலில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். 2020-இலேயே விதியைத் தளர்த்தி, விண்ணப்பத்தைக் கம்பெனி வழியாக அனுப்ப வேண்டாம், நேரே பிராஞ்சில் கொடுக்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். அதே வருடக் கடைசியில் பிரமாணப் பத்திரமும் வேண்டாம் என்று அறிவித்தார்கள். ஸ்டாம்ப் பேப்பர் விற்கிறவர் உங்களிடம் வேறு மாதிரி சொல்வார்.

இத்தனைக்கும் முன்னால், தகுதி இருக்கிறதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்திருக்க வேண்டும். (ஒயிட்ஃபீல்டில் லேஆஃப் ஆன ஐ.டி. நண்பர்களும் இதைக் கேட்கிறார்கள். அவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது, பி.எஃப். மட்டும்தான்.) இரண்டு வருடமாவது காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று இ.எஸ்.ஐ.க்கு ஆறாறு மாதக் கணக்கு. வேலை போவதற்கு முந்தைய அரையாண்டில் 78 நாளாவது ஏறியிருக்கணும், அதற்கு முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் போனவர் இவர்களுக்கெல்லாம் கிடைக்காது. வாழ்நாளில் ஒருமுறை, அதிகபட்சம் 90 நாள். திட்டம் 2018 ஜூலை 1-ஆம் தேதி வந்தபோது சம்பளத்தில் 25 சதவீதம்தான். கொரோனாவுக்குப் பிறகு 50 ஆனது. வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். அவ்வப்போது நீட்டித்துக்கொண்டே வருகிறார்கள், கடைசியாக 2026 ஜூன் 30 வரை நீட்டித்தார்கள்.

எவ்வளவு வரும் என்பதையும் நீங்களே போட்டுப் பார்க்கலாம். கடைசி நான்கு அரையாண்டுச் சம்பளத்தைக் கூட்டி 730-ஆல் வகுத்தால் ஒரு நாள் சராசரி. அதில் பாதி உங்களுக்கு. மாதம் 18,000 வாங்கியவருக்கு இரண்டு வருடத்தில் 4,32,000. நாளுக்கு 591 ரூபாய் சொச்சம். பாதி 295 ரூபாய் 89 காசு. 90 நாளுக்கு ஏறக்குறைய 26,630 ரூபாய். நடுவில் சில மாதம் கம்பெனி கட்டாமல் விட்டிருந்தால் 730 குறையாது, அதால் வகுக்கப்படும் மொத்தச் சம்பளம்தான் குறையும். கைக்கு வரும் பணம் எதிர்பார்த்ததைவிடக் கம்மி என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறது, தளத்தில் ஏறவில்லை என்றால் அது தனிப் புகார். அந்தச் சீட்டுதான் உங்கள் ஆயுதம்.

இதைப் படிக்கிறவர்களில் இன்னும் வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று. கணக்கு செட்டில் பண்ணும்போது "சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்" என்று டைப் அடித்த தாளை நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போட்டால்தான் கடைசி மாதச் சம்பளம் என்பார்கள். போடாதீர்கள். போட்டுவிட்டால், நீங்களாக விலகவில்லை என்று பின்னால் நிரூபிப்பது பெரும்பாடு. வேறு வழியே இல்லாமல் போட்டாக வேண்டியிருந்தால், அன்றைக்கே எச்.ஆருக்கு, ஆள்குறைப்பு என்று சொன்னதால் கொடுத்தேன் என ஒரு மெயில் தட்டிவிடுங்கள்.

இனி பெயர் விவகாரம். நம் ஊர்க்காரர்களுக்கென்றே இருக்கும் தலைவலி இது. ஸ்ரீராமபுரத்தில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன், லேத் ஆபரேட்டர். இ.எஸ்.ஐ. கார்டில் இனிஷியல் முன்னால், பேங்க் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக. துணைக்கு நானும் போயிருந்தேன். கவுன்டரில் இருந்த அம்மா மானிட்டரை எங்கள் பக்கம் திருப்பி, "ஹெஸரு மேட்ச் ஆக்தில்ல" என்றார், பெயர் ஒத்துப்போகவில்லையாம். இவர் கொஞ்சமும் அசராமல், "மூரூ நானே மேடம்" என்றார். மூன்றும் இவர்தான் என்பதில் அந்த அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை, சிரித்துவிட்டார். ஆனால் கம்ப்யூட்டர் சிரிக்காது.

இதில் பலரும் அவசரப்பட்டு ஆதாரைத் திருத்த ஓடுகிறார்கள். வேண்டாம். ஆதாரில் பெயரை மாற்ற வாழ்நாளில் இரண்டே வாய்ப்புதான். ஆதார் சரியாக இருந்தால் அதை அப்படியே விட்டுவிட்டு, மற்றதையெல்லாம் அதற்கு ஏற்றபடி மாற்றுங்கள். பேங்கில் ஆதார் நகலோடு எழுதிக்கொடுத்தால் மாற்றிவிடுவார்கள். இ.எஸ்.ஐ.யில் கம்பெனி கடிதத்தோடு பிராஞ்சில் கொடுக்கணும். பி.எஃப்.பில் கூட்டு உறுதிமொழி (ஜாயின்ட் டிக்ளரேஷன்) என்று ஆன்லைனிலேயே இருக்கிறது. அப்பா பெயர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி எல்லாவற்றையும் ஒரே தடவையில் பார்த்துத் திருத்துங்கள். பெயரை மட்டும் சரிசெய்துவிட்டு, அடுத்த மாதம் அப்பா பெயரில் எழுத்துப் பிழை என்று திரும்பி வந்தவர்கள் எங்கள் ஆபீஸிலேயே உண்டு.

பேங்க் கணக்கையும் பாருங்கள். பெங்களூரில் பழைய ஆட்கள் பலருக்கு சிண்டிகேட், கார்ப்பரேஷன், விஜயா பேங்கில்தான் சம்பளக் கணக்கு இருந்தது. விஜயா 2019 ஏப்ரலில் பரோடா வங்கியோடும், அடுத்த ஏப்ரலில் சிண்டிகேட் கனராவோடும், கார்ப்பரேஷன் யூனியனோடும் சேர்ந்துவிட்டன. பதிவில் இன்னும் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. கோடு இருந்தால் பாஸ் ஆன பணமும் திரும்பிப் போகும். புது பாஸ்புக் முதல் பக்கத்தை வைத்து மாற்றிவிடுங்கள்.

பி.எஃப்.பில் வேலை விட்ட தேதியைக் கம்பெனி போடாவிட்டாலும் கவலையில்லை. கடைசி கான்ட்ரிப்யூஷனுக்கு இரண்டு மாதம் கழித்து உங்கள் பி.எஃப். எண்ணான யூ.ஏ.என். லாகினில் நீங்களே ஆதார் ஓ.டி.பி. வைத்துப் பதியலாம். இ.எஸ்.ஐ.யில் இந்த வசதி கிடையாது. அதனால்தான் மேலே கம்பெனியைத் துரத்துவது பற்றி அவ்வளவு எழுதினேன். பி.எஃப். தொகையில் முன்பெல்லாம் இரண்டு மாதத்தில் முழுசாக எடுத்துவிடலாம். 75 சதவீதம் உடனே, மீதி 12 மாதம் கழித்து என்று 2025 அக்டோபரில் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. இ.எஸ்.ஐ. உதவித்தொகையும் பி.எஃப்.பும் தனித்தனி, ஒன்றை வாங்கினால் மற்றது போகாது.

எல்லாம் சரியாக இருந்தும் நகரவில்லை என்றால் புகார். பி.எஃப்.புக்கு அவர்களுடைய குறைதீர் தளம். இ.எஸ்.ஐ.க்கு 1800-11-2526 என்ற இலவச எண்ணில் பதிந்து எண் வாங்கிக்கொண்டு, மத்திய அரசின் பொதுக் குறைதீர் தளமான சி.பி.கிராம்ஸில் போடுங்கள், அங்கே 21 நாளுக்குள் தீர்க்கணும் என்று 2024-இல் கெடு வைத்திருக்கிறார்கள். புகாரில் அழுகை வேண்டாம். இன்சூரன்ஸ் எண், விண்ணப்பத் தேதி, கம்பெனிக்குப் போன கடிதத்தின் எண், இணைத்த ஆவணங்கள் மட்டும். அதற்கும் "பரிசீலனையில் உள்ளது" என்று மூடிவிட்டால் பத்து ரூபாய் கட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு (ஆர்.டி.ஐ.) போடுங்கள்: என் விண்ணப்பம் எந்தத் தேதியில் எந்த அதிகாரியிடம் போனது, இப்போது யாரிடம் இருக்கிறது. இந்த இரண்டு கேள்விக்கு மேல் கேட்காதீர்கள். நீளமான ஆர்.டி.ஐ.க்கு நீளமாக மழுப்புவார்கள்.

நடுவில் வேறு வேலை கிடைத்தால் தயங்காமல் சேருங்கள். வேலை இல்லாமல் இருந்த நாட்களுக்கான தொகை அப்படியே கிடைக்கும். சேரும்போது புதுக் கம்பெனியில் பழைய இ.எஸ்.ஐ. எண்ணையே கொடுங்கள். புது எண் போட்டுக்கொள்ளலாம், அதுதான் சுலபம் என்று அங்கே யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஒரே ஆளுக்கு இரண்டு எண் ஏறிவிட்டால், நிலுவையில் இருக்கும் விண்ணப்பம் மறுபடி வெரிஃபிகேஷனுக்குப் போகும்.