ஷூட்டிங் மட்டும் தெரிந்தால் அணியில் இடம் உண்டா?

தம்பி, கூடைப்பந்தில் ஷூட்டிங் மட்டும்தான் நன்றாக வருகிறது, அதனால் அணித் தேர்வில் கழித்துவிட்டார்கள், இனி டிரிபிளிங்கிலேயே (பந்தைத் தரையில் தட்டியபடி நகர்வதிலேயே) முழு நேரமும் போடவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் ஷூட்டர் டங்கன் ராபின்சனின் ஆட்டத்தைப் பாருங்கள்.

அவர் தொடங்கியது வில்லியம்ஸ் என்ற சின்னக் கல்லூரியில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில். பிறகு மிச்சிகன். என்பிஏ அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2018 டிராஃப்டில் ஒரு அணியும் அவரை எடுக்கவில்லை. மயாமி ஹீட் அணி, என்பிஏ, அதன் கீழ்நிலை லீக்கான ஜி லீக் இரண்டிலும் ஆட வைக்கும் இருவழி ஒப்பந்தம் கொடுத்து, ஜி லீக்குக்கும் அனுப்பியது. அடுத்த சீசனிலேயே, 2019-20இல், 270 மூன்று புள்ளிக் கூடைகள் (தொலைவிலிருந்து எறிந்து போடுபவை), எறிந்ததில் 44.6 சதவீதம்! 2021இல் ஐந்து ஆண்டுக்கு 9 கோடி டாலர் ஒப்பந்தம்.

ஆனால் எண்களை விட அவர் கால்களைக் கவனியுங்கள். பந்து கையில் இல்லாதபோது நிற்கவே மாட்டார். மயாமியில் ஆடியபோது சக வீரர் ஆடபாயோவை நோக்கி ஓடி, அவர் கையிலிருந்து பந்தை வாங்கிய வேகத்திலேயே எறிவார். அவரைத் தடுக்கும் எதிரணி வீரர் ஒரு அடி கூட விலக முடியாது, அதனால் மற்றவர்களுக்கு உள்ளே வழி திறக்கும். ஷூட்டரின் உண்மையான வேலை அதுதான். நின்ற இடத்தில் எறிந்து பழகினால் இது வராது. ஓடி வந்து, திரும்பி, மூச்சு வாங்கும்போது எறிந்து பழகுங்கள்.

அப்புறம் தடுப்பாட்டம். அதில் பலவீனம் தெரிந்ததால் 2022 பிளேஆஃபில் (சீசன் இறுதியில் பட்டத்துக்காக நடக்கும் சுற்றுகளில்) ராபின்சனுக்கே ஆடும் நேரம் வெகுவாகக் குறைந்தது. டிரிபிளிங்குக்கு ஒதுக்க நினைத்த நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள்.