ஒரு விடியலும் இரண்டு ஒலிப்பதிவுகளும்

கேள்வி: '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' திரைப்படத்தின் தொடக்க இசையும், அதற்கென 1968-இல் வெளிவந்த இசைத்தட்டில் உள்ளதும் என் காதுக்கு வேறுவேறாகக் கேட்கின்றன. நான் கேட்பது சரிதானா? பின்னாளில் டியோடாட்டோ அதை ஜாஸ் பாணியில் மாற்றியது மூலத்தைக் கெடுத்த செயல் என்கிறார் என் நண்பர். உங்கள் கருத்து என்ன? (வாசகர், திருச்சி)

பதில்: உங்கள் காது பிழை செய்யவில்லை. ஜெர்மானிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896-இல் இயற்றிய 'ஸரதுஸ்திரா இவ்வாறு உரைத்தான்' என்னும் படைப்பில் சூரியோதயத்தைச் சித்திரிக்கும் தொடக்கப் பகுதி அது. படத்தில் ஒலிப்பது, ஹெர்பர்ட் ஃபான் காராயான் நடத்த, வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1959-இல் டெக்கா இசைத்தட்டு நிறுவனத்துக்காக வாசித்த பதிவு. தன் பெயரோ கலைஞர்களின் பெயரோ வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையுடன்தான் டெக்கா அதைக் கொடுத்தது என்பதால், இசைத்தட்டில் கார்ல் போம் நடத்திய பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் பதிவைச் சேர்த்தார்கள். 1996-ஆம் ஆண்டு மறுபதிப்பில்தான் காராயானின் பதிவு இடம்பெற்றது.

அந்தத் தொடக்கத்தைக் கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை கேளுங்கள். ஆர்கனும் டபுள் பாஸும் அடிமந்தரத்தில் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்க, டிரம்பெட்டுகள் ஷட்ஜம் (ச), பஞ்சமம் (ப), மேல் ஷட்ஜம் என்று மூன்றே சுரங்களில் மேலேறுகின்றன. முழுக் குழுவும் சேரும் கணத்தில், முதல் முறை அந்தர காந்தாரம் ('க' சுரத்தின் உயர்ந்த வடிவம்) சட்டென்று சாதாரண காந்தாரமாக (அதைவிடத் தாழ்ந்த வடிவம்) இறங்கி மனத்தை இருளச் செய்கிறது. இரண்டாம் முறை அது கீழிருந்து மேலே ஏறுகிறது. மூன்றாம் முறையில்தான் பொழுது முழுமையாக விடிகிறது.

பிரேசில் நாட்டுக் கலைஞர் யூமிர் டியோடாட்டோவின் வடிவம் 1973-இல் வெளிவந்து, அமெரிக்கப் பாடல் வரிசையில் 2-ஆம் இடம் வரை சென்றது. கிராமி விருதும் பெற்றது. ஏறத்தாழ 9 நிமிடம் நீளும் அதில், டிரம்ஸ் தாளத்தின்மேல் எலக்ட்ரிக் பியானோவும் கிட்டாரும் மனோதர்மமாக, அதாவது அந்தந்தக் கணத்தின் கற்பனையில், வாசிப்பதற்கு அந்த மூன்று சுரங்களே வாசலாக அமைகின்றன. சுரத்தின் வலுவை உணராதவரால் இப்படி விரித்து வாசிக்க முடியாது என்பதால், உங்கள் நண்பரின் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

என் வருத்தம் வேறு. ஒன்றரை நிமிட விடியலோடு நாம் எழுந்து போய்விடுகிறோம். அதற்குப் பின் அரை மணி நேர இசை காத்திருக்கிறது. அதன் முடிவில், மேலே குழல் வாத்தியங்கள் நிஷாதத்தை (நி) ஆதாரமாகக் கொண்ட வேறொரு சுருதியில் நிற்க, கீழே தந்திகள் தொடக்கத்தில் கேட்ட அதே ஷட்ஜத்தை மெல்ல மீட்டுகின்றன. இரண்டும் இணங்காமலேயே இசை நின்றுபோகிறது.