மண்டலாவின் காடும் ரஸாவின் கறுப்பு வட்டமும்

தாய்நாட்டை விட்டு வெளியேறிய ஓவியரின் படைப்புகளில் பிறந்த மண் உண்மையாகவே எஞ்சியிருக்கிறதா, அல்லது அது சந்தைக்கான முத்திரை மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் சையது ஹைதர் ரஸா. அவரைப் பொறுத்தவரை இரண்டுமே, வெவ்வேறு காலங்களில், உண்மை என்று கருதுகிறேன்.

1922இல் இன்றைய மத்தியப் பிரதேசத்தின் மண்டலா மாவட்டத்தில், வனத்துறையில் பணியாற்றியவரின் மகனாகப் பிறந்த ரஸா, நாகபுரியிலும் பம்பாயின் ஜே.ஜே. கலைப்பள்ளியிலும் பயின்று, 1947இல் ஓவியர்கள் சூசா, உசேன் முதலியோருடன் முற்போக்குக் கலைஞர் குழுவைத் தொடங்கினார். பிரிவினைக்குப் பின் உடன்பிறந்தவர்கள் பாகிஸ்தான் சென்றபோதும் அவர் இந்தியாவிலேயே தங்கினார். 1948இல் காஷ்மீரில் அவருடைய படங்களைப் பார்த்த புகைப்படக் கலைஞர் கார்த்தியே பிரெசோன், அவற்றில் கட்டமைப்பு இல்லை என்றும், பிரெஞ்சு ஓவியர் செசானைக் கூர்ந்து கற்க வேண்டும் என்றும் சொன்னார். பிரெஞ்சு அரசின் உதவித்தொகை பெற்று 1950இல் பாரிஸ் புறப்பட்டதற்குப் பின்னால் இந்த அறிவுரையும் இருந்தது.

பாரிசில் அவர் வரைந்தவை பெரும்பாலும் பிரெஞ்சுக் கிராமங்களும் தேவாலயங்களும்தான். 1956இல் அங்குள்ள விமர்சகர்களின் விருதும் கிடைத்தது. ஆனால் 1962இல் பாடம் நடத்த அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குச் சென்று, அமெரிக்க ஓவியர் மார்க் ராத்கோவின் ஓவியங்களை நேரில் கண்ட பிறகே ரஸாவின் தூரிகை கட்டுத் தளர்ந்தது. அடுத்த பத்தாண்டுகளில் வீடுகளும் கூரைகளும் கரைந்து, காவியும் செம்மண் நிறமும் கறுப்புக்கு நடுவே கனலத் தொடங்கின. 1972இல் வரைந்த 'தபோவன'த்தில் தெரிவது பிரான்சின் நிலக்காட்சி அல்ல. சிறுவயதில் அவரை அச்சுறுத்திய மண்டலாக் காட்டின் இரவு. அவர் எட்டிய உச்சம் இந்தக் காலமே என்பது என் கருத்து.

பள்ளியில் மனம் அலைபாய்ந்த சிறுவனை அடக்க, ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளியிட்டு அதையே பார்க்கச் சொன்னாராம். அந்தப் புள்ளி 1980 வாக்கில் 'பிந்து' என்னும் கறுப்பு வட்டமாக ஓவியங்களில் நிலைபெற்றது. (நாதம், விந்து என்று சைவ சித்தாந்தம் பேசும் அதே சொல்தான்.) 1981இல் தீட்டிய 'மா' என்ற ஓவியத்தில், அம்மா, திரும்பி வரும்போது என்ன கொண்டு வருவேன் என்னும் பொருள்படும் இந்திக் கவிதை வரியையும் எழுதினார். பின்னர் பிந்துவுக்குச் சந்தையில் மதிப்பு ஏறிற்று. 1983இன் 'சௌராஷ்டிரா' 2010இல் பதினாறு கோடி ரூபாய்க்கு மேல் விலைபோனது. ஆனால் கடைசி இருபது ஆண்டுகளின் வட்டங்களிலும் முக்கோணங்களிலும் பலவற்றில் எனக்குத் தெரிவது பழகிய கையின் நேர்த்தி மட்டுமே. நீங்கள் சொல்லும் முத்திரை என்ற ஐயம் இவற்றுக்குத்தான் பொருந்தும்.

பிரெஞ்சு ஓவியரான மனைவி ஜானின் 2002இல் மறைந்தார். இந்தியக் குடியுரிமையை விடாமல் வைத்திருந்த ரஸா, 2010இன் இறுதியில் தில்லிக்குத் திரும்பினார். 2016இல் காலமானபோது, அவர் விரும்பியபடியே மண்டலாவில் தந்தையின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்தார்கள்.