துப்பாக்கி இருக்கும் வீட்டில் 3 வயதுக் குழந்தை: உயரமான அலமாரியில் வைத்தால் போதுமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான்: உங்கள் அப்பா ஓய்வுபெற்ற ராணுவ வீரர். வங்கிக் காவல் வேலைக்காக லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறார். இரவில் அதை அலமாரியின் மேல்தட்டில் வைக்கிறார். உங்கள் மகளுக்கு 3 வயது. "தொடாதே என்று சொல்லி வளர்த்தால் போதும்" என்கிறார் அப்பா.

போதாது. இதை நான் உறுதியாகச் சொல்வதற்கு எங்கள் வீட்டில் நடந்ததுதான் காரணம்.

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடையாலுமூட்டுக்கு மேற்கே பாட்டாவுக்கு, அதாவது என் தாத்தாவுக்கு, கொஞ்சம் ரப்பரும் மரச்சீனியும் (மரவள்ளி) இருந்தன. பயிர்க் காவலுக்கென்று லைசென்ஸ் வாங்கிய 12 போர் ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றும் இருந்தது. பன்றி வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி, அவ்வளவுதான். துப்பாக்கி நெல் போட்டுவைக்கும் பத்தாயத்துக்குப் பின்னால் இருக்கும். தோட்டாக்கள் பழைய பிஸ்கட் டின்னில், துணிகளுக்கு அடியில் இருக்கும். இரண்டும் பிள்ளைகளுக்குத் தெரியாது என்று பெரியவர்கள் நம்பினார்கள். எங்கள் எல்லோருக்கும் தெரியும். தின்பண்டத்தை ஒளித்துவைத்தாலே ஒரு நாளில் கண்டுபிடித்துவிடும் பிள்ளைகள் துப்பாக்கியை விடுவார்களா?

1989 கோடை விடுமுறை. எனக்கு 8 வயது, சித்தப்பா மகனுக்கு 6 வயது. முந்தைய இரவு பன்றிச் சத்தம் கேட்டுப் பாட்டா துப்பாக்கியோடு வெளியே போயிருக்கிறார். பன்றி விலகிப் போய்விட்டது. சுடாமல் திரும்பியவர், காலையில் தோட்டாவை எடுத்துக்கொள்ளலாம் என்று அப்படியே சாத்தி வைத்துவிட்டார். ஏற்றிய குதிரையை, அதாவது தோட்டாவை வெடிக்கவைக்கும் சுத்தியலைக்கூட, இறக்கவில்லை. விடியுமுன்னே ரப்பர் வெட்டப் போய்விட்டார்.

தம்பி அதை வெளியே இழுத்து, அதன் பின்பக்க மரக்கட்டையைத் தரையில் ஊன்றி, ராணுவ வீரனைப் போல நிமிர்ந்து நின்றான். அடுத்த நொடி வெடித்தது. குழல் மேல்நோக்கி இருந்ததால் ஓடுகள் சிதறின. என் தங்கை தூங்கிக்கொண்டிருந்த தொட்டிலுக்கு அருகே ஓட்டுத் துண்டுகள் விழுந்தன. குழலின் வாய் தம்பியின் வலது காதை ஒட்டி இருந்திருக்கிறது. இன்றும் அவனோடு பேச வேண்டுமென்றால் இடது பக்கம் போய்த்தான் நிற்கிறோம்.

அம்மா அவனை அடிக்கக் கை ஓங்கினாள். வெடிச் சத்தம் கேட்டு ஓடிவந்த பாட்டா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். "அவனை அடிக்காதே, மக்களே. கொண்டுவந்து வைத்தவன் நான்" என்றார். உடைந்த இடத்தில் பிறகு கண்ணாடி ஓடு போட்டார்கள். அதன் வழியாக விழும் வெளிச்சத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும்.

"தொடாதே" என்று எங்களுக்குச் சொல்லாமலா இருந்தார்கள்? ஆயிரம் முறை சொல்லியிருந்தார்கள். அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், 8 முதல் 12 வயதுள்ள 64 சிறுவர்களைச் சிறு குழுக்களாக ஓர் அறையில் விட்டு, இழுப்பறையில் தோட்டா இல்லாத உண்மையான துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார்கள். அதைக் கண்டெடுத்த குழுக்களில் பெரும்பாலானவை கையில் எடுத்துப் பார்த்தன. சிலர் விசையையும் இழுத்தார்கள். தொட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றி முன்பே பாடம் கேட்டவர்கள்! உங்கள் மகளுக்கோ 3 வயது. சொல்லிக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பொறுப்பை அவள் தலையில் வைக்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். வீட்டுக்குள் நுழையும் முன்பே தோட்டாவை எடுத்துவிட வேண்டும். எடுத்ததாக நினைத்தால் போதாது. குழலை மடக்கித் திறந்து கண்ணாலும் பார்க்க வேண்டும், விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். துப்பாக்கி ஓர் இரும்பு பீரோவில், தோட்டாக்கள் வேறோர் அறையில், வேறு பூட்டில். சாவிகள் அப்பாவின் உடம்பிலேயே இருக்கட்டும். சாமிப் படத்துக்குப் பின்னால், அரிசிப் பானைக்கு அடியில் என்பதெல்லாம் பிஸ்கட் டின் கதைதான். ஒற்றைக் குழல் துப்பாக்கியைக் குழல் வேறு, கட்டை வேறு என்று கழற்றிவிடலாம். ஒரு நிமிட வேலை. பத்திரமாக வைப்பது லைசென்ஸ்தாரரின் கடமை என்பதை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளும் சொல்கின்றன. லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 6 மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு.

பூட்டி வைக்க வசதி இல்லையென்றால் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து வைக்கலாம். தேர்தல் வந்தால் ஒப்படைத்துவிட்டு வருகிற வழக்கம் உங்கள் அப்பாவுக்கு முன்பே இருக்கலாம்.

கூடவே ஒன்று. வீட்டில் ஏர்கன் இருந்தாலும் இதே கவனம் வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குழலும் 20 ஜூலுக்கு மேற்படாத குண்டின் ஆற்றலும் உள்ளதற்கு லைசென்ஸ் தேவையில்லை என்பதால், திருவிழாக் கடையில் பலூன் சுடுகிற சாமான்தானே என்று பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். அந்தச் சிறு ரவை ஒரு கண்ணைப் பறிக்கப் போதும்.

அப்பாவிடம் எப்படிப் பேசுவது என்றும் கேட்டிருந்தீர்கள். சட்டத்தைச் சொல்லித் தொடங்காதீர்கள், கோபம்தான் வரும். பட்டாளத்தில் துப்பாக்கியைக் கட்டிலுக்கு மேலே வைத்துவிட்டா தூங்கினீர்கள் என்று கேளுங்கள். கோத்தில், அதாவது பட்டாளத்து ஆயுத அறையில் ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியவர் அவர். தோட்டாவைத் தனியாகக் கணக்கு வைத்த இடத்தில் இத்தனை வருடம் வாழ்ந்தவர். இங்கே அந்தக் கோத்துக்கும் அவரேதான் பொறுப்பு என்று சொல்லிப் பாருங்கள். பீரோவை வாங்கும்போது அவரையே கூட்டிக்கொண்டு போங்கள்; பூட்டை அவரே தேர்ந்தெடுக்கட்டும்.