வள்ளத்தில் கிடக்கும் பழைய பெற்றோல்

கேள்வி: காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓட்டிய வள்ளத்தைப் போன வருடம் கொட்டகையில் ஏற்றிவிட்டோம். பாதித் தாங்கி பெற்றோல் கிடக்கிறது. அப்படியே ஸ்டார்ட் பண்ணலாமா?
– வாசகர், நோர்வூட்

பதில்: வேண்டாம் தம்பி. கண்ணாடிப் போத்தலில் கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். கெட்டுப்போனது கறுத்து, வார்னிஷ் போல மணக்கும். அதன் பிசின், பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரின் ஜெட்டை அடைத்துவிடும், ஊசித் துளைதானே! அடியில் முத்து முத்தாக உருண்டால் அது தண்ணீர். தாங்கியின் வெறும் பாதியில் இருக்கும் காற்றின் ஈரம் நம்ம ஊர்க் குளிரில் அப்படித்தான் இறங்கும்.

முழுவதையும் இறக்கி, ஃபில்டரை மாற்றி, கார்பரேட்டரைக் கழுவுங்கள். டூ ஸ்ட்ரோக் எஞ்சின் என்றால் புதுப் பெற்றோலில் ஒயில் கலக்க மறக்காதீர்கள். பழையதை வடிகால் கானில் ஊற்றாதீர்கள், நீர்த்தேக்கத்துக்குத்தான் போகும். மூடிய கலனில் கராஜுக்குக் கொடுங்கள். விறகடுப்புப் பற்றவைக்க உதவும் என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், காதிலேயே வாங்காதீர்கள்.