பாரிட்டோன் உகுலேலேயும் டிஸ்டார்ஷனும்: மதுரை வட்டார வாசகர்களுக்குப் பதில்கள்

மதுரையிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில், பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் கருவி) பொருத்திய பாரிட்டோன் உகுலேலேயை, அதாவது கிட்டாரைவிடச் சிறிய நான்கு தந்திக் கருவியை, சுருதி மாற்றி, டிஸ்டார்ஷனோடு வாசிப்பது பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

திருநகர், கல்லூரி மாணவர்: ஐயா, கிட்டார் டிஸ்டார்ஷன் பெடலில் இணைத்து நான்கு தந்திகளையும் ஒன்றாக மீட்டினால் வெறும் இரைச்சலாகக் கேட்கிறது. பெடல் பழுதா?

காலால் இயக்கும் அந்த ஒலிமாற்றிப் பெட்டியான பெடலில் பழுது ஏதுமில்லை, தம்பி. டிஸ்டார்ஷன் என்பது ஒலி அலையின் உச்சிகளை வெட்டுவது. இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் அதற்குள் சென்றால், அவற்றின் அதிர்வெண்களின் கூட்டுத்தொகையிலும் வித்தியாசத்திலும் நாம் வாசிக்காத புதிய ஒலிகள் பிறக்கின்றன. மேற்கத்திய சுரமான 196 ஹெர்ட்ஸ் ஜி-யையும் அதன் பஞ்சமமான 294 ஹெர்ட்ஸ் டி-யையும் சேர்த்து வாசித்தால் வித்தியாசம் 98. அது அதே ஜி-யின் கீழ் ஸ்தாயி என்பதால் நாதம் கனமாகிறது. ஜி-யோடு 247 ஹெர்ட்ஸ் பி-யைச் சேர்த்தாலோ வித்தியாசம் ஏறத்தாழ 51 ஆகி, ஜி-யின் இரண்டு ஸ்தாயி கீழான 49-உடன் ஒட்டாமல் உரசுகிறது. பாரிட்டோனின் வழக்கமான சுருதி, கிட்டாரின் மேல் நான்கு தந்திகளைப் போலவே, டி, ஜி, பி, ஈ. இந்த நான்கையும் திறந்தபடி ஒன்றாக மீட்டும்போது இத்தகைய உரசல்கள் பல ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிகின்றன. ஆகவே குறை இருப்பது பெடலில் அல்ல, சுருதி அமைப்பில்தான்.

மேலூர் வாசகர்: அப்படியானால் எந்தச் சுருதியில் வைப்பது? தந்தி அறுந்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது.

நான் முதலில் பரிந்துரைப்பது சி, ஜி, சி, ஈ. நான்காம் தந்தியை டி-யிலிருந்து ஒரு முழுச்சுரம் இறக்கி, இரண்டாம் தந்தியை பி-யிலிருந்து அரைச்சுரம் ஏற்றினால் போதும். மற்ற இரண்டையும் தொட வேண்டியதில்லை. கீழ் மூன்று தந்திகளும் ஸ, ப, மேல் ஸ என்று நிற்பதால், ஒரே விரலைப் படுக்கவைத்து எந்த மெட்டில் (ஃபிரெட்டில்) அழுத்தினாலும் டிஸ்டார்ஷன் தாங்கக்கூடிய கூட்டொலி கிடைக்கும். முதல் தந்தியான ஈ அந்தர காந்தாரமாக ஒலிக்கும். பெடல் ஓடும்போது அதை அடக்கிவைத்து, தனி சுரங்களுக்கு மட்டும் பயன்படுத்துவது நல்லது.

தந்தியின் இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்து மாறும். அரைச்சுரம் ஏற்றினால் இழுவிசை 12 சதவீதம் கூடும். முழுச்சுரம் இறக்கினால் சுமார் 20 சதவீதம் குறையும். இவை இரண்டும் பாதுகாப்பானவையே. ஆனால் பி தந்தியை டி வரை மூன்று அரைச்சுரங்கள் ஏற்றினால் 41 சதவீதம் கூடிவிடும், அதைச் செய்யாதீர்கள். ஏற்றுவதற்கே அஞ்சுபவர்கள் பி-யை ஏ-யாகவும் ஈ-யை டி-யாகவும் இறக்கி டி, ஜி, ஏ, டி என்று வைக்கலாம். ஜி-யை ஆதார ஷட்ஜமாகக் கொண்டால் அது ப, ஸ, ரி, ப ஆகிறது. எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு இதுதான்.

உசிலம்பட்டி, பள்ளி ஆசிரியர்: என் கருவியில் பீசோ பிக்அப் மட்டுமே இருக்கிறது, ப்ரீஆம்ப் கிடையாது. ஃபஸ் பெடலில் நேரடியாக இணைத்தால் அடிநாதமே இல்லாமல் ஒலி மெலிந்துவிடுகிறது.

அழுத்தத்தை மின்சாரமாக்கும் பிக்அப்பான பீசோ ஒரு மின்தேக்கியைப் போல நடந்துகொள்கிறது. அது இணையும் இடத்தின் உள்ளீட்டு மின்தடை குறையக் குறைய, கீழ் அதிர்வெண்கள் வடிகட்டப்பட்டுவிடும். பிக்அப்பின் கொள்ளளவு 1 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டால், 1 மெகாஓம் உள்ளீட்டில் வெட்டு 160 ஹெர்ட்ஸ் அருகிலேயே தொடங்கிவிடும். உங்கள் டி தந்தியோ 147 ஹெர்ட்ஸ். 10 மெகாஓம் என்றால் வெட்டு 16 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். டிஸ்டார்ஷனின் முரட்டு வகையான ஃபஸ் பெடல்கள் பலவற்றில் உள்ளீட்டு மின்தடை மிகவும் குறைவு என்பதால் நாதம் முழுவதும் அங்கேயே போய்விடுகிறது. பீசோவுக்கென்றே செய்யப்பட்ட ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) ஒன்றை முதலில் வையுங்கள். பெடலை மாற்றுவது பிறகு.

திருமங்கலம் வாசகர்: எஃகுத் தந்தி போட்டு, கிட்டாரின் காந்த பிக்அப்பைப் பொருத்தலாமா?

நைலான் தந்திக்கென்று கட்டப்பட்ட கருவியில் வேண்டாம், பிரிட்ஜ் பெயர்ந்துவிடும். காந்த பிக்அப் நைலானை உணராது என்பதும் உண்மை. எஃகுதான் வேண்டுமென்றால், அதற்கென்றே கட்டையுடலோடு செய்யப்பட்ட மின் உகுலேலேயை வாங்குங்கள்.

கே.கே. நகர், கர்நாடக இசை பயில்பவர்: இதில் கமகம் எடுபடுமா?

எடுபடும், ஆனால் வீணையின் வழியில் அல்ல. வீணையில் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து ஒரே மெட்டில் பல சுரங்களைத் தொட முடிகிறது. நைலான் எளிதில் நீளும் பொருளாதலால் எவ்வளவு இழுத்தாலும் சுரம் சிறிதளவே ஏறும். எனவே விரலை நகர்த்தி எடுக்கும் ஜாருவையே நம்ப வேண்டும். பாரிட்டோனின் தந்தி நீளம் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர். கிட்டாரின் 65-ஐவிடக் குறைவு என்பதால், நீண்ட ஜாருவும் கைக்குள் அடங்கும்.

உண்மையான தடை நாதம் விரைவில் தேய்ந்துபோவதுதான். டிஸ்டார்ஷனை நான் விரும்புவதே இதற்காக: உச்சியை வெட்டுவதால் வலுத்த ஒலிக்கும் தேயும் ஒலிக்கும் இடையேயான இடைவெளி குறைந்து, ஜாரு முடியும்வரை சுரம் உயிரோடு நிற்கிறது. இரட்டைத் தந்திகளை விட்டு ஒற்றைத் தந்தி மின் மாண்டலினைக் கர்நாடக மேடையில் நிலைநிறுத்திய உ. ஸ்ரீநிவாஸ் (1969–2014), குறுகிய நாதமுள்ள சிறு கருவிக்கு மின்பெருக்கம் என்ன தரும் என்பதைத் தெளிவாகக் காட்டிச் சென்றிருக்கிறார். வலுத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறைக்கும் கம்ப்ரஸரை டிஸ்டார்ஷனுக்கு முன்னால் வைத்து, டிஸ்டார்ஷனின் அளவைக் கூட்டும் கெயினைப் பாதி அளவுக்கும் கீழே நிறுத்திப் பாருங்கள். கெயின் மிகுந்தால் அனுசுரங்களின் நுட்பம் அழிந்துவிடும். அந்த இழப்பை எந்தக் கனமான நாதத்தாலும் ஈடுசெய்ய முடியாது.

வாடிப்பட்டி வாசகர்: திருவிழா மேடையில் மிக்ஸரில் நேரடியாக இணைத்தேன். குளவிக் கூட்டம் இரைவது போலக் கேட்டது. ஒலியைக் கூட்டினால் ஊளையிட்டது.

இவை இரண்டும் வெவ்வேறு சிக்கல்கள். கிட்டார் ஆம்பின் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஒலியைத் தானாகவே குறைத்துவிடும்; மேடை ஒலிபெருக்கி அப்படிச் செய்யாது. டிஸ்டார்ஷனுக்குப் பின்னால், கிட்டார் ஸ்பீக்கரைப் போலவே ஒலியை வடிகட்டும் ஸ்பீக்கர் சிமுலேட்டர் ஒன்றை வைத்தால் இரைச்சல் அடங்கும். ஊளை, ஒலிபெருக்கியின் ஒலி கருவியின் உட்குழியை மீண்டும் அதிரவைப்பதால் வருகிறது. ஒலித்துளையை ரப்பர் மூடியால் அடையுங்கள். வாசிப்பவரை நோக்கி வைக்கும் ஒலிபெருக்கியான மானிட்டருக்கு நேரே நிற்காதீர்கள். ப்ரீஆம்பில் ஒலி அலையைத் தலைகீழாக்கும் ஃபேஸ் பொத்தான் இருந்தால் மாற்றிப் பாருங்கள். இவை போதவில்லையென்றால், ஊளையிடும் அதிர்வெண்ணை மட்டும் ஈக்வலைஸரில் இறக்குங்கள்.

ஜெனரேட்டரில் ஓடும் மேடையில் 'ஹூம்' என்ற முழக்கம் கேட்டால், பெடல்களுக்குத் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட 9 வோல்ட் பவர் சப்ளையைப் பயன்படுத்துங்கள். முழக்கத்தை நிறுத்துவதற்காக ஆம்ப் பிளக்கின் எர்த் முனையை ஒடிக்கவோ, இணைக்காமல் விடவோ ஒருபோதும் உடன்படாதீர்கள். 230 வோல்ட் மின்சாரம் மைக்கைத் தொடும் உதட்டுக்கு வந்துவிடக்கூடும்.

சோழவந்தான், ஒரு தாய்: மகன் இரவில் பயிற்சி செய்கிறான், பக்கத்து வீட்டார் வருந்துகிறார்கள்.

அம்மா, மேலே சொன்ன ஸ்பீக்கர் சிமுலேட்டர்களில் பலவற்றில் ஹெட்ஃபோன் துளை இருக்கிறது. வாங்கும்போது அதைக் கேட்டு வாங்குங்கள். ஒலியைக் குறைவாக வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். டிஸ்டார்ஷன் எப்போதும் ஒரே வலுவில் ஒலிப்பதால், காதுக்கு ஓய்வு கிடைப்பதில்லை.